வங்கியின் சி.எஸ்.ஆர் நிதி: எப்படிக் கேட்டால் கிடைக்கும்

கிளையில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் சி.எஸ்.ஆர் பணம், அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிடும் நிதி, வராது. கிளை மேலாளர் கையில் இருப்பது பெரும்பாலும் விளம்பரச் செலவுக்கான சின்னத் தொகை. மாரத்தான் பேனருக்கும் பரிசுக் கோப்பைக்கும் ஆகும். சி.எஸ்.ஆர் நிதி முடிவாவது தலைமை அலுவலகத்தில். மேலாளரின் பரிந்துரைக் கடிதம் உதவும், அவ்வளவுதான்.

எந்த வங்கி என்று முதலில் பாருங்கள். கரூர் வைஸ்யா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல் போன்ற தனியார் வங்கிகளுக்கு 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பொருந்தும்: முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் உங்கள் ஊர்க் கிளையை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே குறிப்பிடுங்கள். ஸ்டேட் வங்கி இந்தப் பிரிவுக்குள் வராது. அதற்குத் தனிக் கொள்கை உண்டு.

அறக்கட்டளையோ சங்கமோ விண்ணப்பித்தால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், அதே துறையில் 3 ஆண்டு அனுபவம், நிறுவன விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்-1 படிவத்தில் பெற்ற பதிவு எண் ஆகியவை கட்டாயம். சி.எஸ்.ஆர்-1-ஐ ஆடிட்டர் போன்ற தொழில்முறையாளர் டிஜிட்டல் கையொப்பத்தோடு சான்றளிக்க வேண்டும். பான் அட்டையிலும் பதிவுப் பத்திரத்திலும் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பு திரும்பிவிடும், முன்பே திருத்திக்கொள்ளுங்கள்.

அதிகம் சறுக்குவது பட்ஜெட்டில்தான். பள்ளிக்கு ஆர்.ஓ குடிநீர் இயந்திரம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இயந்திர விலையை மட்டும் எழுதுகிறார்கள். குழாய் வேலை, கழிவுநீர் வெளியேறும் வழி, ஸ்டெபிலைசர், 3 ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஃபில்டரும் மெம்பரேனும் (உப்பைப் பிரிக்கும் சவ்வு) மாற்றும் செலவு எல்லாம் விட்டுப்போகும். மெம்பரேன் அடைத்ததும் இயந்திரம் மூலையில் கிடக்கும். அடுத்த முறை அந்த வங்கியிடம் போய் நிற்க முடியாது. நீரின் டி.டி.எஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) பரிசோதனை அறிக்கையையும் ஜி.எஸ்.டி சேர்ந்த 3 விலைப்புள்ளிகளையும் இணையுங்கள். சொத்து யார் பெயரில் இருக்கும், மின்கட்டணம் யார் கட்டுவார் என்பதற்குத் தலைமையாசிரியரின் கடிதம் வேண்டும்.

நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அந்த வரம்பு வங்கியின் சொந்த நிர்வாகச் செலவுக்குத்தான். திட்டத்தை நடத்தும் உங்களுக்கு அல்ல. களப்பணியாளர் சம்பளத்தைத் தயங்காமல் எழுதுங்கள், கணக்கோடு.

நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலுக்கு முன்பே கொடுத்தால் ஆண்டுச் செயல்திட்டத்தில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். மார்ச் மாதத்தில் அவசரமாக அழைப்பு வருவதும் உண்டு; ஆவணங்கள் தயாராக இருப்பவர்களுக்கே அது பயன்படும்.

பணம் பெரும்பாலும் தவணையாக வரும். முதல் தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழை ஆடிட்டர் கையொப்பத்தோடு கொடுத்தால்தான் அடுத்தது. பணம் மீந்தால், வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வேறு தலைப்புக்கு மாற்றாதீர்கள்.