அமெரிக்க நீதிமன்றத்தில் நீங்களே மனு போடுகிறீர்களா?

வக்கீல் இல்லாமல் சிவில் வழக்கு நடத்துபவர்கள், கூகுளில் முதலில் கிடைக்கும் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். வழக்கு எந்த நீதிமன்றத்தில் என்று உறுதி செய்துகொண்டு, அதன் சொந்த இணையதளத்துக்கே போங்கள். ஃபெடரல் (மத்திய அரசின்) மாவட்ட நீதிமன்றங்களே 94 இருக்கின்றன. பொது விதிகள் போக, ஒவ்வொன்றுக்கும் தனி ‘லோக்கல் ரூல்ஸ்’ உண்டு. பக்க வரம்பு, மனுவின் வடிவம் எல்லாம் அதில்தான் இருக்கும்.

அப்புறம், பலரும் தவறவிடுவது அந்த இணையதளத்தில் உள்ள நீதிபதியின் பக்கம். ஃபெடரல் வழக்கு எண்ணின் கடைசியில் வரும் எழுத்துகள் பெரும்பாலும் நீதிபதியின் பெயர்ச் சுருக்கம். அதை வைத்து நீதிபதிகள் பட்டியலில் தேடி, அவருடைய ‘ஸ்டாண்டிங் ஆர்டர்’ (தன்னிடம் வரும் வழக்குகளுக்கு அவர் போட்டிருக்கும் நிலையான உத்தரவு) இருந்தால் முழுசாகப் படியுங்கள். மோஷன் (நீதிமன்றம் ஓர் உத்தரவு போடும்படி கேட்கும் மனு) போடும் முன் கடிதம் அனுப்பி அனுமதி கேட்க வேண்டும், அச்சுப் பிரதி ஒன்றைத் தன் அறைக்கு அனுப்ப வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம்.

படிவத்தில் திருத்திய தேதியையும் பாருங்கள். கலிபோர்னியா மாநில நீதிமன்றப் படிவங்களில் அது கீழே இடது ஓரத்தில் இருக்கும். ஃபெடரல் விதித் திருத்தங்கள் வழக்கமாக டிசம்பர் 1 அன்று அமலுக்கு வரும். அதனால் போன வருஷம் இறக்கி வைத்த பிரதியை நம்ப வேண்டாம்.

சந்தேகம் என்றால் நீதிமன்றத்தின் கிளார்க் அலுவலகத்தைக் கேளுங்கள். நடைமுறையைச் சொல்வார்கள், சட்ட ஆலோசனை தர மாட்டார்கள்.