அப்பா குடியை விடும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் கணக்குப் படிப்பிக்கும் வகுப்பு இரவு ஏழரைக்கு முடியும். பத்து நிமிடத்தில் மண்டபம் காலியாகிவிடும். ஒரு பையன் மட்டும் படியில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஓ.எல். பரீட்சை வருடம், கெட்டிக்காரன். சங்கிலி ஏற்கனவே பளபளவென்றுதான் இருக்கும். "வீட்டுக்குப் போகேல்லையா?" என்று கேட்டால், "ஒன்பதாகட்டும் சேர்" என்பான். அந்த ஒன்பது மணிக் கணக்கு விளங்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அப்பா வெறியில் வந்து, சத்தம் போட்டு, சாப்பிட்டு, தூங்கிவிடுகிற நேரம் அது.

விளங்கியதும் நான் செய்தது, செய்யவே கூடாத ஒன்று. அப்பாவுக்கே போன் எடுத்து, "மகன் வீட்டுக்கு வரப் பயப்படுகிறான், கொஞ்சம் குறைச்சுக்கொள்ளுங்கோ" என்று மரியாதையாகச் சொன்னேன். அடுத்த வகுப்புக்கு அவன் அந்த வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டையோடு வந்தான். இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சொன்னதை, அல்லது நாம் ஊகித்ததை, யாரால் பிள்ளை பயப்படுகிறதோ அவரிடமே கொண்டுபோகாதீர்கள். "இன்றைக்கு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்?", "வீட்டில் உனக்காகக் கதைக்க யார் இருக்கிறார்கள்?" என்ற இரண்டு கேள்விகளை முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அடிக்குப் பயம் என்றால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை. இலவசம், 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். ஆசிரியர், அயலவர், மாமி, யாரும் எடுக்கலாம். பிள்ளை தானாகவும் எடுக்கலாம். அந்த நிமிடமே ஆபத்து என்றால் 119.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், என்னிடம் சொல்லு" என்று வாக்குக் கொடுப்பது இன்னொரு தவறு. பிறகு சொல்லத்தான் வேண்டிவரும், பிள்ளை இரண்டாம் முறை யாரையும் நம்பாது. "உனக்கு ஆபத்து இல்லாத ஆட்களுக்கு மட்டும் சொல்லுவேன், சொல்லுறதுக்கு முதல் உனக்குச் சொல்லுவேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, அப்பாவைத் திருத்திவிட்டால் பிள்ளை தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பது. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கிறோம், சத்தியம் வாங்குகிறோம், சித்தப்பாமாரைக் கூட்டிப் புத்தி சொல்ல வைக்கிறோம். நேர்த்தியை நான் குறை சொல்லவில்லை, என் அம்மாவும் வைத்தவர்தான். ஆனால் இந்தச் சுற்று ஓடி முடிவதற்குள் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பதினெட்டாகிவிடும். அப்பாவுக்கு வைத்தியம் ஒரு பாதை, பிள்ளைக்கு ஆதரவு வேறு பாதை. முதலாவது தொடங்காவிட்டாலும் இரண்டாவதை இன்றைக்கே தொடங்கலாம்.

அந்த முதல் பாதையிலும் இரண்டு ஆபத்துகள் உண்டு. தேநீரில் யாருக்கும் தெரியாமல் கலக்கும் "குடி நிறுத்தும்" மருந்து ஒன்று. டைசல்பிராம் போன்ற மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு குடித்தால் வாந்தி, மூச்சுத் திணறல், இதயத் துடிப்புக் கோளாறு என்று உயிருக்கே வந்து முடியலாம். அந்தத் தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தது மகள் என்றால், பாரம் முழுக்க அவள் தலையில். மற்றது, நாள்தோறும் நிறையக் குடித்தவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைப்பது. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு, நடுக்கம், இல்லாததைக் காண்பது எல்லாம் வரலாம். டொக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குடியை விடுவதற்கான ஆலோசனைக்கு, கொழும்பு 7, ஹோர்ட்டன் பிளேஸில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் இருக்கிறது. குடிக்கிறவர் வர மறுத்தாலும் குடும்பத்தார் போய்க் கதைக்கலாம்.

ஏ.ஏ. (அல்கஹோலிக்ஸ் அனானிமஸ்) குழு குடிப்பவருக்கானது, பிள்ளைக்கானது அல்ல. குடிப்பவர் வீட்டுப் பதின்வயதினருக்கென்று தனியாக 1957இல் அமெரிக்காவில் தொடங்கியது அலட்டீன். நம் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தக் கூட்டம் எட்டாவிட்டாலும், அங்கே சொல்லப்படும் மூன்று விஷயம் எட்டும்: இந்தக் குடியை நான் உண்டாக்கவில்லை, என்னால் அதைக் கட்டுப்படுத்த முடியாது, குணப்படுத்தவும் முடியாது. "நீ நல்லாப் படிச்சா அப்பா குடிக்க மாட்டார்" என்று சொல்லும் அம்மம்மாக்கள் இதைக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் தாங்களே செய்யும் தவறுகளும் உண்டு. போத்தலைத் தேடி எடுத்துக் கழுவும் தொட்டியில் ஊற்றுவது, வெறியில் நிற்பவரோடு நியாயம் கதைப்பது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நிற்பது. துணிச்சல்தான், ஆனால் அடி அங்கேதான் விழுகிறது. நடுவில் நிற்பதை விடத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவது பெரிய உதவி. எந்த வீடு என்று அமைதியான ஒரு நாளில் தீர்மானித்து வைக்க வேண்டும். பௌர்ணமி விடுமுறையான போயாவையும் கணக்கில் எடுங்கள். அன்றைக்கு மதுக்கடைகள் பூட்டு என்பதால் முதல் நாளே போத்தல் வீட்டுக்கு வந்துவிடும், அப்பாவும் நாள் முழுக்க வீட்டில். பள்ளிக்கூடமும் இல்லை. போனை அப்பா பார்ப்பார் என்றால் 1929ஐ சிநேகிதி போனிலிருந்து எடுக்கலாம்.

பொலிஸுக்குப் போகிறவர்கள் அடிக்கடி செய்வது, சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டை வாசிக்கத் தெரியாமலே கையெழுத்து வைப்பது. தமிழில் பதியச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. குறைந்தது வாசித்து விளக்கச் சொல்லுங்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பிள்ளைக்காகப் பெற்றோரோ, பிள்ளையை வைத்திருப்பவரோ, பொலிஸோ கேட்கலாம். "சமாதானமாய்ப் போங்கோ" என்று திருப்பி அனுப்பினால், அது முடிவு என்று எண்ணிவிடாதீர்கள்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் சமாதானம் என்ற கதைக்கே இடமில்லை. பிள்ளையைக் குளிக்க வைத்து, உடுப்பைத் துவைத்து, ஐந்து உறவினர் முன்னால் ஐந்து தரம் சொல்ல வைக்காதீர்கள். ஒரு தரம் கேட்டது போதும். உடனே அரசாங்க ஆஸ்பத்திரி.

1926 என்ற போன் இலக்கத்தைச் சொன்னதும் "அங்கொடைக்கா?" என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்தான், அதனால் என்ன? போன் எடுத்தவரை யாரும் பிடித்துக்கொண்டு போவதில்லை. தூக்கமில்லாத, சாகலாமா என்று யோசிக்கிற பிள்ளைக்கு அது நடு இரவிலும் கிடைக்கும் ஒரு குரல்.

அந்தப் பையனுக்கு என்ன ஆனது? பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரைப் பார்க்க அவன் அம்மா ஒத்துக்கொண்டார். முதல் தரம் அவன் வாயே திறக்கவில்லை. மூன்றாம் தரம்தான் ஏதோ சொன்னானாம், என்னவென்று நான் கேட்கவில்லை. மட்டக்குளியில் இருக்கும் சித்தி வீட்டில் தங்கலாம் என்று பேசும்போது, அங்கே யார் யார் இருக்கிறார்கள், அவன் எங்கே படுப்பான் என்பதையும் அந்த உத்தியோகத்தர் விசாரித்தார். சொந்தக்காரர் வீடு என்றால் பாதுகாப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது வெள்ளியும் சனியும் அங்கே. அப்பா இன்னும் குடிக்கிறார். பையன் வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுகிறான், சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொல்லி நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.