மலையகத்தில் சுகாதாரப் பணியாளர்களின் தடுப்பூசிப் பதிவைச் சரிபார்ப்பது எப்படி?

ஹட்டனில் பல் கிளினிக்கோ, பண்டாரவளையில் முதியோர் இல்லமோ, புதிதாகச் சேருபவர் "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்றால் அது கோப்பில் ஏறாது. எந்த ஊசி, எந்தத் திகதி, போட்டது எங்கே என்று காட்டும் கடதாசி வேண்டும்.

1. ஆளும் அட்டையும் ஒன்றா?

பிறப்புச் சான்றிதழில் முத்துலட்சுமி, ஊசி அட்டையில் முத்துலெச்சுமி என்று இருப்பது நம் பக்கம் சாதாரணம். எழுத்து மாறியதற்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். பிறந்த திகதி, தாயின் பெயர், தோட்டமும் டிவிஷனும் பொருந்தினால் அப்படியே குறிப்பெழுதி ஏற்கலாம். அடையாள அட்டையில் பழைய இலக்கமும் புதிய இலக்கமும் கலந்தால் ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகிவிடுவார். பழையதன் முன்னால் 19, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய 12 இலக்கம் வரும்.

அட்டை தொலைந்திருந்தால், சிறுவயதில் இருந்த தோட்டம் எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் வருகிறதோ அங்கே கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் போடாதவராகவே கணக்கெடுங்கள்.

2. பிறந்த ஆண்டோடு ஒப்பிடுங்கள்

அதிகம் தவறுவது இங்கேதான். இலங்கையில் 3 வயது எம்.ஆர். (சின்னமுத்து, ருபெல்லா இரண்டுக்குமான) ஊசி 2001 இல் வந்தது. கூகைக்கட்டும் சேர்ந்த எம்.எம்.ஆர். 2011 இல்தான். அதனால் இன்று வேலைக்கு வரும் இளவயதினரின் அட்டையில் பெரும்பாலும் 9 மாதத்தில் சின்னமுத்து, 3 வயதில் எம்.ஆர். என்றிருக்கும். அவசரமாகப் பார்ப்பவர் அதை "எம்.எம்.ஆர். 2" என்று எழுதிவிடுவார். எண்ணிப் பாருங்கள்: சின்னமுத்துக்கு 2, ருபெல்லாவுக்கு 1, கூகைக்கட்டுக்கு ஒன்றுமில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கு இன்னும் சிக்கல். அமெரிக்காவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட சின்னமுத்து ஊசியைக் கணக்கில் எடுப்பதில்லை. குறைந்தது 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர். போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

3. ஹெப்படைட்டிஸ் பி

இரத்தத்தால் தொற்றும் இந்த ஈரல் நோய்க்கான ஊசி குழந்தைகளுக்கு 2003 இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவரின் குழந்தை அட்டையில் தேடிப் பயனில்லை, பெரியவரான பின் போட்ட அட்டையைக் கேளுங்கள். வழமை 0, 1, 6 மாதம். முதலுக்கும் இரண்டுக்கும் 4 வாரம், இரண்டுக்கும் மூன்றுக்கும் 8 வாரம், முதலுக்கும் மூன்றுக்கும் 16 வாரம் குறைந்தபட்சம் இருக்கவேண்டும். 05/06 என்ற திகதி ஜூன் ஐந்தா, மே ஆறா என்று தெளிவாகாமல் இடைவெளியைக் கணக்கிடாதீர்கள். பிந்திப் போட்டால் பரவாயில்லை, முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. பலர் எச்.பி.எஸ்.ஏ.ஜி. "நெகட்டிவ்" அறிக்கையை நீட்டுவார்கள். அது கிருமி இல்லை என்று மட்டுமே சொல்லும், எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டாது. நமக்கு வேண்டியது எதிர்ப்புச் சக்தியை அளக்கும் அன்டி எச்.பி.எஸ்., அதுவும் "பொசிட்டிவ்" என்ற ஒற்றைச் சொல்லாக இல்லாமல் எண்ணோடு. மூன்றாவது ஊசிக்குப் பின் 1 முதல் 2 மாதத்துக்குள் எடுத்தது 10 mIU/ml அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். குறைந்தால் மறுபடி ஊசி போட்டு மீண்டும் பரிசோதிக்க வைத்தியரிடம் அனுப்புங்கள். ஊசி போட்ட கையோடு எச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுத்தால் 18 நாள் வரை பொய்யாகப் பொசிட்டிவ் காட்டக்கூடும். உண்மையாகவே பொசிட்டிவ் வந்தால் அதை வைத்தியர் மட்டும் கையாளட்டும், பொதுக் கோப்பில் வைக்காதீர்கள்.

4. கொப்புளிப்பான்

இது நம் தேசிய அட்டவணையில் இல்லாத ஊசி. குறைந்தது 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, அல்லது எதிர்ப்புச் சக்தியைப் பார்க்கும் ஐ.ஜி.ஜி. இரத்தப் பரிசோதனை பொசிட்டிவ், அல்லது நோய் வந்ததை வைத்தியர் உறுதிசெய்த கடிதம், இதில் ஏதாவது ஒன்று போதும். அண்மைத் தொற்றைப் பார்க்கும் ஐ.ஜி.எம். அறிக்கையை ஏற்காதீர்கள். முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தால் நெகட்டிவ் என்றே வையுங்கள்.

கர்ப்பிணிக்கு எம்.எம்.ஆரும் கொப்புளிப்பான் ஊசியும் கூடாது. கசநோய்க்கான மான்டூ பரிசோதனையும் தேவையென்றால் இவற்றோடு அதே நாளில் செய்யுங்கள், தவறினால் 4 வாரம் காத்திருங்கள்.

5. கோப்பு எங்கே இருக்கவேண்டும்?

அன்டி எச்.பி.எஸ். எண்ணை மட்டும் தனித் தாளில் எழுதி, இரவுப் பணிக்குப் பொறுப்பான தாதியின் கைக்கெட்டும் இடத்தில் மூடிய உறையில் வையுங்கள். நோயாளிக்குப் பாவித்த ஊசி தவறுதலாகப் பணியாளரைக் குத்திவிட்டால், எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி இமியூனோகுளோபியூலின் (தயார் நிலையிலுள்ள எதிர்ப்புப் பொருள்) 24 மணித்தியாலத்துக்குள் போடுவதே நல்லது. அலுமாரிச் சாவி கிளார்க்கோடு வீட்டுக்குப் போயிருக்கக்கூடாது.