பூ பில்லில் வராத வரிசைகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு நிரல் எழுதித் தருகிறேன். ஒரு பில்லுக்கு ஒரு வரிசை, எண்கள்தான் பூ வகைகள்: மல்லி 11, பிச்சி 12, கனகாம்பரம் 14. மல்லியும் கனகாம்பரமும் இருக்கும் பில்கள் மட்டும் வேண்டும்.

பைத்தான் மொழியில் எண் அட்டவணைகளைக் கையாளும் நிரல் தொகுப்பு நம்பை (NumPy). ஒவ்வொரு எண்ணும் நாம் தேடும் எண்களில் ஒன்றா என்று பார்க்கும் அதன் 'இஸ்இன்' (isin) கட்டளையைப் போட்டால் ஒரு வரிசைகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. எண்களின் டைப்பைப் பார்த்தேன், கோப்பை மறுபடி ஏற்றினேன், நம்பையையே புதிதாக நிறுவினேன். பலனில்லை.

விஷயம் தேடும் எண்களைக் கொடுத்த விதத்தில் இருந்தது. எண்களைத் தொகுத்து வைக்கும் பைத்தான் 'செட்'டை (set) அப்படியே கொடுத்தால் நம்பை அதை எண்களாகப் பிரிப்பதில்லை. மொத்த செட்டையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறது. 11 எப்படி அதற்குச் சமமாகும்? எல்லாமே 'ஃபால்ஸ்', அதாவது 'இல்லை'. செட்டை 'லிஸ்ட்' (பட்டியல்) ஆக்கியதும் வரிசைகள் கொட்டின. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் இன்னொன்று. இஸ்இன் முடிவில் வரிசைவாரியாக 'எனி' (ஒன்றாவது பொருந்தினால் போதும்) எடுத்தால் மல்லி மட்டும் உள்ள பில்லும் வரும். 'ஆல்' (எல்லாமே பொருந்த வேண்டும்) எடுத்தால் கூடவே பிச்சி வாங்கிய பில் விடுபடும். அதனால் 11-க்கு ஒரு 'எனி', 14-க்கு ஒரு 'எனி' தனித்தனியாக எடுத்து, இரண்டையும் 'அண்ட்' குறியால் சேர்த்தேன். கேட்ட பில்கள் மட்டும் சரியாக வந்தன.