கொர்வெட் இன்ஜினுக்குக் காசு பத்தலையா, டிரக் இன்ஜினைப் பாருங்க: பார்த்து எடுக்குறதும் மாத்துறதும்

1997ல கொர்வெட் சி5ங்கற செவர்லே ஸ்போர்ட்ஸ் கார் வந்தப்ப அதுல இருந்த எல்எஸ்1ங்கற எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் 345 குதிரை சக்தி. ரெண்டே வருஷத்துல ஜெனரல் மோட்டார்ஸ்காரங்க அதே குடும்பத்து இன்ஜினை 4.8, 5.3, 6.0 லிட்டர்னு பண்ணி சில்வராடோ, டாஹோ, சபர்பன்னு பெரிய வண்டிகள்ல வரிசையா வச்சுட்டாங்க, லட்சக்கணக்குல ஓடுச்சு, அதனால இன்னைக்கு அமெரிக்காவுல எந்த காயலான் கடைக்குப் போனாலும் கொர்வெட் இன்ஜினுக்கு யானை விலை சொல்றவன் பக்கத்துலயே மண்ணு அப்பிக் கிடக்குற டிரக் இன்ஜினை எடுத்துட்டுப் போனா போதும்ங்கற மாதிரி பேசுவான். பழைய கார்ல வி8 போடணும்னு நினைக்கிறவங்க அந்த மண்ணு இன்ஜினைத்தான் பார்க்கணும்.

உள்ள எவ்வளவு ஒண்ணுன்னா, எல்எஸ்1, டிரக் 5.3 ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 92 மில்லிமீட்டர், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் ஒவ்வொண்ணா எரியுற வரிசை) ரெண்டுக்கும் 1-8-7-2-6-5-4-3, கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கிற மெயின் கேப் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டுலயும் ஆறு போல்ட். போர் (சிலிண்டர் விட்டம்) மட்டும் எல்எஸ்1ல 99, எல்எம்7னு சொல்ற 5.3ல 96. அப்புறம் ஏன் 1999ல அந்த 5.3 வெறும் 270 குதிரைதான்? டிரக் வாங்குறவன் பின்னாடி போட் டிரெய்லரை மாட்டிட்டு சாதா பெட்ரோல் ஊத்தி நாள் முழுக்க இழுப்பான், அவனுக்கு 6000 ஆர்பிஎம்ல என்ன நடக்குதுன்னு கவலையே இல்ல, கீழ 2000லயே இழுவை வேணும். அதனால பிளாக் இரும்பு, கம்ப்ரெஷன், அதாவது பெட்ரோல் கலவையை எத்தனை மடங்கு அழுத்துதுங்கறது, 9.5 (எல்எஸ்1 பத்துக்கு மேல), வால்வைத் திறக்க வைக்கிற கேம் ரொம்ப சாது. வித்தியாசம் பெரும்பாலும் இங்கதான், மீதி வெளிய போல்ட் போட்டு மாட்டுற சமாச்சாரம்.

முதல்ல அது என்ன இன்ஜின்னு கண்டுபிடிக்கணும். கடைக்காரன் சொல்றதை நம்பாதீங்க, அவனுக்கு எல்லாமே 5.3தான். வண்டியோட சேர்ந்து இருந்தா டேஷ்போர்டு கண்ணாடி ஓரமா இருக்குற வின் நம்பர்ல (வண்டியோட அடையாள எண்) எட்டாவது எழுத்தைப் பாருங்க: டயருக்கு வர்ற டி இருந்தா எல்எம்7, வேனுக்கு வர்ற வி இருந்தா 4.8, யூ இருந்தா எல்கியூ4ங்கற 6.0, என் இருந்தா எல்கியூ9. இந்த எல்கியூ9 கிடைச்சா யோசிக்காம எடுங்க, கேடிலாக் எஸ்கலேட்ல வந்தது, இரும்பு பிளாக்தான் ஆனா ஃப்ளாட் டாப் பிஸ்டன், கம்ப்ரெஷன் 10, ஃபேக்டரியிலயே 345 குதிரை, அதாவது முதல் சி5 கொர்வெட் அளவு.

இன்ஜின் மட்டும் தனியா கிடந்தா கம்பி பிரஷ் எடுத்துட்டுப் போங்க. பிளாக் மேல உட்கார்ந்திருக்குற ஹெட்டோட மூலையில, வால்வ் கவருக்கு வெளிய, கிரீஸும் மண்ணும் கெட்டியா இருக்குற இடத்துல நாலு தேய் தேய்ச்சா நம்பர் மேலெழும்பி வரும், கடைசி மூணு இலக்கம் போதும். 706, 862 ரெண்டும் டிரக் 4.8, 5.3 ஹெட், கம்பஷன் சேம்பர் 61 சிசி. 241 எல்எஸ்1 ஹெட், 67 சிசி. 317னு இருந்தா 6.0 டிரக் ஹெட், 71 சிசி. டிரக் ஹெட்டுன்னாலே மட்டம்னு ஒரு பேச்சு இருக்கு, எனக்கு அது ஒத்துக்காது, சேம்பர் சின்னதா இருக்குற 862 ஹெட்டை எல்எஸ்1 மேல போட்டாலே கம்ப்ரெஷன் ஏறும்னு தேடி வாங்குறவங்க இருக்காங்க. டர்போ போடப் போறீங்கன்னா நேர் எதிரா, சேம்பர் பெருசா இருந்து கம்ப்ரெஷன் குறையுற 317தான் தோது. 706ல மட்டும் ஒரு எச்சரிக்கை, காஸ்டெக்னு முத்திரை இருந்தா அந்த வார்ப்புல சிலது ஹெட் போல்ட் பக்கத்துல விரிசல் விட்டு, வெளிய ஒரு சொட்டு ஒழுகாமலே கூலன்ட் குறையும், ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து பால் டீ கலர்ல இருக்கான்னு பார்த்துடுங்க. கையோட ஒரு காந்தமும் வச்சுக்கோங்க, ஒட்டினா இரும்பு. 1999, 2000 வருஷ 6.0ல ஹெட்டும் இரும்பு, கிராங்க் பின்பக்க ஃபிளாஞ்சும் 0.4 இன்ச் கூட நீளம், கியர்பாக்ஸ் மாட்டும்போது தலைவலி.

கிராங்க் சென்சார் ஸ்டார்ட்டர் பக்கத்துல இருக்கும், கருப்பு கலர்னா அது படிக்கிற கிராங்க் சக்கரத்துக்கு 24 பல்லு, சாம்பல்னா 58 பல்லு. உங்க இன்ஜின் கம்ப்யூட்டர் எதுக்கானதோ அதுதான் வேணும். 2007க்கு அப்புறம் வந்த 5.3ல நிறைய வண்டிக்கு லோடு கம்மியா ஓடும்போது 1, 4, 6, 7 சிலிண்டரை நிறுத்தி வைக்கிற ஏற்பாடு உண்டு, அதுக்கான லிஃப்டர்ங்க (கேமுக்கும் வால்வுக்கும் நடுவுல தள்ளுறது) கெட்டுப்போறது ஊரறிஞ்ச விஷயம், அந்த இன்ஜினை வாங்கினா அந்த ஏற்பாட்டை நீக்கிட்டு சாதா லிஃப்டர் போடுற செலவையும் சேர்த்துக் கணக்கு பண்ணுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு முன்னாடி கிராங்க் போல்ட்ல 24 எம்எம் சாக்கெட் போட்டு ரெண்டு சுத்து சுத்திப் பாருங்க. இறுகாம, முட்டாம சுத்தினா மத்ததெல்லாம் காசு குடுத்து சரி பண்ணிக்கலாம்.

இப்ப கார்ல உட்கார வைக்கிற கதை. முதல்ல இடிக்கிறது இன்டேக், இன்ஜினுக்குள்ள காத்து போற மேல்பாகம். டிரக்குக்கு பானெட் உசரம்ங்கறதால இன்டேக்கையும் உசரமா நீளமான ரன்னரோட (காத்துக் குழாய்) பண்ணிட்டாங்க, கொர்வெட்ல அது படுத்த மாதிரி இருக்கும். பார்க்க அசிங்கம்தான், ஆனா இழுவைல எல்எஸ்1 இன்டேக்குக்கு சளைச்சதே இல்ல, அதனால பானெட் மூடுதுன்னா அழகுக்காக அதை மாத்தி காசைக் கரியாக்காதீங்க. ரெண்டாவது ஆயில் சம்ப், அடியில ஆயில் தேங்குற தொட்டி. டிரக் சம்ப் ஆழம், கார்ல கிராஸ் மெம்பர்ல (குறுக்குச் சட்டம்) உட்கார்ந்துடும், இல்ல ரோட்டுல தேய்க்கும். கொர்வெட் சம்ப் அகலமா ரெக்கை விரிச்ச மாதிரி இருக்கும், அதுவும் எல்லா கார்லயும் போகாது, பழைய கார்ல போடுறவங்க பெரும்பாலும் செவர்லேவோட இன்னொரு காரான கமாரோ சம்ப்தான் தேடுவாங்க. சம்ப் மாத்தினா ஆயிலை உறிஞ்சுற பிக்கப் ட்யூப்பும் மாறும், அதோட முனையில இருக்குற ஓ ரிங்கைப் புதுசா போடுங்க, பழசு காஞ்சு போய் காத்தை இழுத்துச்சுன்னா ஆயில் பிரஷர் ஏறாது, நல்ல இன்ஜின் பேரிங் போயிடும்.

பெல்ட் விஷயத்துல ரொம்ப பேர் மாட்டிக்குவாங்க. கொர்வெட்ல பெல்ட் ஓடுற கோடு இன்ஜினை ஒட்டி இருக்கும், கமாரோல முக்கால் இன்ச் முன்னாடி, டிரக்ல ஒன்றரை இன்ச் முன்னாடி. கிராங்க் முன் முனையில இருக்குற பேலன்சர் ஒரு வண்டிலருந்து, வாட்டர் பம்ப் இன்னொரு வண்டிலருந்துன்னு எடுத்தா புல்லி நேர்ல நிக்காது, பெல்ட் பிச்சுக்கும், எடுத்தா செட்டா எடுங்க. ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாத மாடல்னா பெடல், த்ராட்டில் பாடி, கன்ட்ரோல் மாட்யூல், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே வண்டிலருந்து வரணும், வயரை வெட்டாம கழட்டிட்டு வாங்க. இரும்பு பிளாக் சுமார் 45 கிலோ அதிகம், முன் ஸ்பிரிங் கொஞ்சம் தாழும், டிராக்ல வளைச்சு ஓட்டுறவங்களுக்குத் தெரியும், ரோட்டுல போறவங்களுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, டர்போ போடுறவன் இரும்புதான் வேணும்பான்.

காசு செலவு பண்ணணும்னா கேம்ல பண்ணுங்க. 5.3 கேமோட டியூரேஷன் (வால்வைத் திறந்து வைக்கிற அளவு) 190 டிகிரி பக்கம்தான், 2002 கொர்வெட் இசட்06ல வந்த எல்எஸ்6 கேம் இன்டேக்குக்கு 204, எக்ஸாஸ்ட்டுக்கு 218, அந்த இன்ஜின் 405 குதிரை. ஆனா கேம் மட்டும் மாத்தி டிரக்கோட பழைய வால்வ் ஸ்பிரிங்கையே விட்டுடாதீங்க, வால்வ் திறக்குற உசரம் (லிஃப்ட்) கூடினா அது தாங்காது, ஸ்பிரிங் செட்டும் சேர்த்து மாத்தி, கம்ப்யூட்டரையும் ட்யூன் பண்ணணும். ரொம்ப பெரிய கேம் வேண்டாம், கீழ் ஆர்பிஎம் இழுவை போயிடும், அப்புறம் டிரக் இன்ஜின் எடுத்ததுக்கே அர்த்தம் இல்ல.

முதல் ஸ்டார்ட்டுக்கு அவசரப்படாதீங்க. பழைய வி8 மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டை வழியா டிரில் விட்டு ஆயில் பம்பை சுத்த முடியாது, இதுல பம்ப் கிராங்க் மூக்குலயே உட்கார்ந்திருக்கு. பிளக்கைக் கழட்டி வச்சு, இன்ஜெக்டர், காயில் கனெக்டரை எடுத்துட்டு, ஸ்டார்ட்டரை பத்து செகண்ட் சுத்தி கொஞ்சம் ஆற விட்டு மறுபடி சுத்துங்க. மீட்டர்ல பிரஷர் முள் அசையலைன்னா சம்பை இறக்கி அந்த ஓ ரிங்கைப் பாருங்க, முள் ஏறிடுச்சுன்னா எல்லாத்தையும் மாட்டி சாவியைத் திருப்புங்க.