ஒப்பந்த மீறலுக்கான இழப்பீட்டுத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது எப்படி?

முதலில் கெடுவைப் பாருங்கள். இந்தியாவில் மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். வணிக நீதிமன்ற வழக்கென்றால் 60 நாள்தான். தீர்ப்பின் சான்றிட்ட நகல் தயாராக ஆகும் காலத்தைக் கெடுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நகலுக்கு மனுப் போடாமல் சும்மா இருந்த நாட்களைக் கழிக்க முடியாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

'தொகை அதிகம்' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தீர்ப்பின் ஒவ்வொரு தொகைக்கும் எதிரே அதற்கான சான்றாவண எண்ணை (வழக்கில் ஆதாரமாக ஏற்ற ஆவணத்துக்கு இட்ட எண்) குறியுங்கள். எண் இல்லாத இடமே உங்கள் வாதம். விற்றவர் சரக்கு தராத வழக்கில் பொதுவான அளவுகோல், ஒப்பந்த விலைக்கும் மீறிய நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். குவிண்டால் 2,000 ரூபாய்க்குப் பேசிய 100 குவிண்டால் அன்று 2,300 ரூபாய் என்றால் நட்டம் 30,000. கீழ் நீதிமன்றம் வழக்குப் போட்ட நாளின் விலையை எடுத்திருந்தால் விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி உச்சவரம்பு மட்டுமே.

மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நிற்காது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், ஆணை 41 விதி 5இன் கீழ் தடை கேளுங்கள். தொகையைக் கட்டவோ பிணை தரவோ பணம் புரட்டி வையுங்கள். கீழ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யாத ரசீதை அதே ஆணையின் விதி 27இன் கீழ் நுழைப்பது கடினம்.