நாளுக்கு ஒரு பக்கம்: கொலாஜும் எழுத்தும்

கொலாஜ் என்பது வெட்டிய காகிதத் துண்டுகளை ஒட்டிப் படமாக்குவது. அந்தத் துண்டுகளையும் சொந்தமாக எழுதும் சில வரிகளையும் ஒரே பக்கத்தில் சேர்க்கும் பழக்கத்தைத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் நல்ல கத்தரிக்கோலையும் அழகான நோட்டையும்தான்; ஆனால் பழக்கம் நீடிப்பது பக்கத்தின் அளவைப் பொறுத்தது என்பது என் கருத்து. ஏ4 தாளை நாள்தோறும் நிரப்புவது சீக்கிரமே சுமையாகிவிடும். அதில் கால் பங்கான ஏ6 பக்கம், அதாவது 105க்கு 148 மில்லிமீட்டர், மூன்று நான்கு துண்டுகளிலேயே நிறைந்துவிடும்.

வெட்டுவதையும் ஒட்டுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டாம், ஏனெனில் பழைய இதழைப் புரட்ட எடுத்தவர் அதைப் படிக்க உட்கார்ந்துவிடுவார். வாரத்தில் ஒரு நாள் வெட்டி, படங்களை ஓர் உறையிலும் அச்சிட்ட சொற்களை மற்றோர் உறையிலும் வெற்று நிறத் துண்டுகளை இன்னோர் உறையிலும் பிரித்து வைக்கலாம். நிறத் துண்டுகளைப் பலர் குப்பையில் போடுகிறார்கள். எழுத இடம் தருபவை அவையே. வெப்பத்தாளில் அச்சாகும் ரசீதுகளின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால் அவற்றை நகலெடுத்து ஒட்டுவது நல்லது.

ஈரப் பசை தாளின் இழைகளை விரியச் செய்வதால் பக்கம் நெளியும். மெல்லிய தாளுக்குக் குச்சிப் பசை போதும், பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைத் திரவப் பசைதான் வேண்டுமென்றால் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அளவுக்குத் தடித்த தாளில் மெல்லியதாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்த வேண்டும். இன்க்ஜெட் அச்சின் மை ஈரத்தில் கசியக்கூடும் என்பதால் ஓரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி எழுத்து. துண்டுகளை ஒட்டாமலே நகர்த்திப் பார்த்து, படம் ஓரளவு அமைந்த பிறகு எழுதத் தொடங்குங்கள். அப்போது எல்லோருக்கும் முதலில் வருவது படவிளக்கம். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருக்க, 'அவர் வரவில்லை' என்று எழுதினால் படம் ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்கிறோம். 'சாவி என்னிடம்தான் இருக்கிறது' என்று எழுதினால், நாற்காலிக்கும் சாவிக்கும் என்ன தொடர்பு என்று படிப்பவர் யோசிக்கத் தொடங்குகிறார். அத்தகைய வரிகள் அன்று காதில் விழுந்த பேச்சிலிருந்து எளிதாகக் கிடைக்கும் என்பதால், ஒன்றிரண்டைக் குறித்து வைத்துக்கொள்வது உதவும்.

வரியே வராத நாளும் உண்டு. கலை மரபுகளை வேண்டுமென்றே உடைத்த டாடா இயக்கத்தின் கவிஞர் டிரிஸ்டன் ஜாரா 1920இல் செய்தித்தாள் சொற்களை வெட்டிப் பையில் போட்டுக் குலுக்கி, எடுத்த வரிசையிலேயே கவிதையாக்கச் சொன்னார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சொல் உறையிலிருந்து பார்க்காமல் மூன்றை எடுத்து, ஒன்றையாவது பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டால் போதும். சொல் முழுதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஒட்டி பிக்காசோ 1912இல் உருவாக்கிய படத்தில், செய்தித்தாளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளே இருக்கின்றன.

பளபளப்பான தாளில் ஜெல் பேனா மை காயாமல் இழுபடும். வரியைத் தனித் தாள் பட்டையில் எழுதி, காய்ந்தபின் ஒட்டினால் எழுத்துப் பிழையால் பக்கம் வீணாகாது. விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் இரண்டு பக்கம் செய்ய வேண்டாம்; பின்புறம் தேதியைக் குறித்துவிட்டு அடுத்ததைத் தொடருங்கள். மாத முடிவில் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தால், எந்தெந்தப் பக்கங்களில் வரி வெறும் படவிளக்கமாக நின்றுவிட்டது என்பது தெரிந்துவிடும். அவற்றில் பட்டையை மட்டும் மாற்றி ஒட்டலாம்.